ஊர்காண் காதைக்கு ஓர் அனுமதிக் கடிதம்

சென்ற மாதம் திண்டுக்கல்லில் நடந்த சிறு இலக்கியக் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவருடைய மகன் இத்தாலியில், போலோனியா நகரில் முதுகலை படிக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை எவரிடமும் சொல்லாமல் ரயிலேறி ஃப்ளோரன்ஸ் போய், பகல் முழுதும் தனியே சுற்றிவிட்டு இரவில் அறைக்குத் திரும்பியிருக்கிறான். பேராலயத்தின் 463 படிகளை ஏறியது, ப்ரூனெல்லெஸ்கி எழுப்பி 1436இல் நிறைவுற்ற குவிமாடத்தின் உச்சியில் நின்று ஆர்னோ நதியைப் பார்த்தது, உஃபிஸி ஓவியக்கூடத்தின் வரிசையைக் கண்டு மலைத்து உள்ளே போகாமலேயே திரும்பியது, சந்துகளில் வழிதவறியது. மகன் எழுதிய கடிதத்தைக் கொண்டு நண்பர் இவற்றையெல்லாம் விவரித்திருந்தார். நல்ல கட்டுரைதான். தனிப் பயணம் இளைஞனின் ஆளுமையைச் செதுக்குகிறது என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து பாராட்டினார். அனைவரும் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

எழுந்து பாராட்டியவர் நாம் பணிபுரியும் கல்லூரியின் ஒழுங்குக் குழுவில் உறுப்பினர். அதற்கு மூன்று நாட்கள் முன்புதான் அவர் ஒரு மாணவியை நிற்கவைத்து முக்கால் மணிநேரம் விசாரித்திருந்தார். மாணவி செய்த குற்றம்: எவரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை பகல் முழுதும் தனியே ஊர் சுற்றியது. ஊர், திண்டுக்கல்.

இரண்டு சனிக்கிழமைகளுக்கும் இடையே இருப்பது கடல் மட்டும்தானா என்பதே நம் கேள்வி.

குற்றத்தின் தொடக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். முதுகலை வகுப்பில் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை நடத்தி முடித்த பிறகு, அகமதிப்பீட்டுக்காக ஒரு பயிற்சி கொடுத்தோம். தெரிந்த ஊர் ஒன்றில் ஒரு பகலைத் தனியே கழித்து, கண்டதை ஆறு பக்கங்களில் எழுதி வர வேண்டும். துணைக்கு எவரும் கூடாது. கைபேசியில் படம் எடுக்கலாம், ஆனால் கட்டுரையில் ஒட்டக்கூடாது. இவ்வளவுதான் விதி. வகுப்பில் பாதிப்பேர் வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுத்தார்கள். படித்தாலே தெரிந்துவிடும், விக்கிப்பீடியாவுக்கு வியர்ப்பதில்லை.

அந்த மாணவி வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருகிறவள். ஐந்தாண்டுகளாகத் தினமும் பேருந்துச் சன்னலில் மலைக்கோட்டையைப் பார்த்திருக்கிறாள், ஒருமுறையும் ஏறியதில்லை. அன்று ஏறினாள். வாசலில் ஒருவர் "தனியாவாம்மா வந்தே?" என்று கேட்டதையும், மேலே போவதற்குள் வேறு மூவர் அதே கேள்வியைக் கேட்டதையும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறாள். நான்கு முறையும் "ஆமாம்" என்றிருக்கிறாள். நான்காம் முறை குரல் சற்று உயர்ந்துவிட்டதாம்.

கோட்டையைப் பற்றி அவள் எழுதியது பாடநூல் வரலாறு அல்ல. ஆனால் வரலாற்றைத் தவறவிடவுமில்லை. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் தொடங்கி, திருமலை நாயக்கர் வலுப்படுத்தி, 1755இல் ஹைதர் அலி ஃபௌஜ்தாராக வந்தமர்ந்த கோட்டை. 1783இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு ஆண்டே மங்களூர் உடன்படிக்கையால் திப்புவிடம் திரும்பியது. 1790இல் மீண்டும் பிடித்தார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நிலைத்துவிட்டார்கள். இத்தனை கைகள் மாறிய பாறையின் உச்சியில் மூர்த்தம் இல்லாத ஒரு கோயில் நிற்கிறது. அபிராமியும் காளத்தீசுவரரும் ஊருக்குள் கீழே இறங்கிவந்து குடியிருக்க, கருவறை மட்டும் மேலே மிச்சம். அந்த வெற்றுக் கருவறைக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதுகிறாள். ஏன் உட்கார்ந்தாள் என்று எழுதவில்லை. விசாரணையில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

உச்சியில் நின்றபோது தென்கிழக்கே சிறுமலை தெரிந்திருக்கிறது. இங்கேதான் அவளுக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்தோம். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைச் சொல்கிறான் அல்லவா? வலப்பக்கத்து வழியில் போனால் வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த பாண்டியனின் சிறுமலை தோன்றும் என்கிறான். மூன்று பருவங்களாக இந்தப் பகுதியை நடத்துகிறோம், உரைகளை ஒப்பிடுகிறோம், தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வைக்கிறோம். அந்தச் சிறுமலை வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே இருக்கும் அதே மலைதான் என்று ஒரு மாணவரும் இதுவரை நம்மிடம் சொன்னதில்லை. நாமும் சன்னலைக் காட்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தைக் கல்லூரி வாசலிலேயே வாங்கித் தின்றுகொண்டு, கோவலன் போகாமல் விட்ட வழியைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். பாறையின் மேல் வெயிலில் தனியே நின்றவளுக்குத்தான் அது பட்டிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கி அவள் பேகம்பூருக்குப் போயிருக்கிறாள். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் என்பதால் அந்தப் பகுதிக்கே அப்பெயர். பிறகு பூட்டுப் பட்டறை ஒன்றின் வாசலில் ஒரு மணிநேரம். மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த முதியவர் முதலில் அவளைக் கல்யாணத்துக்குப் பூட்டு வாங்க வந்தவள் என்று நினைத்தாராம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னபோது, "பேரு கிடைச்சுது, பையன் கிடைக்கலியே" என்றிருக்கிறார்; தொழில் கற்க ஆள் வருவதில்லை என்று பொருள். அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு கைப்பூட்டு போட்டியிட முடியாமல் போனதைப் பற்றி எத்தனையோ செய்திக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் இந்த ஒரு வாக்கியம் இல்லை.

மாலை பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கல்லூரி ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

விசாரணையில் முன்வைக்கப்பட்ட வாதங்களை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். முதல் வாதம் பாதுகாப்பு. இதை எள்ளி நகையாட நாம் தயாரில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த பாறை, நிழலில்லாத ஏற்றம், எதிர்ப்படும் ஒவ்வொருவரும் விசாரணை அதிகாரி. இவை உண்மைகள். ஆனால் ஓர் இடம் பெண்ணுக்குப் பாதுகாப்பற்றது என்றால் அந்த இடத்தைத் திருத்த வேண்டுமா, பெண்ணையா? கோட்டைக்குக் கூடுதல் காவல் கேட்டு ஒழுங்குக் குழு ஒரு மனுவாவது எழுதியிருந்தால் அதன் அக்கறையை நம்பியிருப்போம். எழுதப்பட்டது மாணவியின் பெற்றோருக்கு ஒரு கடிதம்.

மேலும், அதே வகுப்பில் அதே பயிற்சிக்காக ஒரு மாணவன் வத்தலக்குண்டுக்குத் தனியே போனான். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர், 'மணிக்கொடி'யின் பி.எஸ். ராமையா, 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா என்று நவீனத் தமிழ் உரைநடையின் பெரும்பகுதியை ஒரே ஊரோடு சேர்த்துச் சொல்லலாம். அங்கே போய்ச் செல்லப்பாவைப் பற்றி விசாரித்து, எவருக்கும் தெரியாமல், கடைசியில் இரவு ஒன்பது மணிப் பேருந்தில் திரும்பினான். அவனும் நன்றாகவே எழுதியிருந்தான். அவனை எவரும் அழைக்கவில்லை, உடன் வந்தவர் யார் என்று கேட்கவில்லை. இரவுப் பேருந்தைப் பற்றிய பத்தியை வாசித்த சக ஆசிரியர் ஒருவர் 'அருமை' என்று ஓரத்தில் எழுதியும் கொடுத்தார்.

இரண்டாம் வாதம் கல்விச் சுற்றுலா. ஊர் பார்க்க வேண்டுமானால் அதற்குத்தான் ஆண்டுதோறும் ஏற்பாடு செய்கிறோமே என்றார்கள். அந்த ஏற்பாட்டை நாமும் பலமுறை பொறுப்பேற்று நடத்தியிருக்கிறோம். அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஒலிபெருக்கி. வழியெல்லாம் தலையெண்ணிக்கை. ஒரு முறை மைசூருக்குப் போனபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையில் நாற்பது நிமிடம் நின்றோம். அதில் முப்பது நிமிடம் குழுப்படத்துக்கு. திண்டுக்கல் கைமாறிய உடன்படிக்கை அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல நாம் வாயெடுத்தபோது வழிகாட்டி விசில் ஊதிவிட்டார். கூட்டமாகப் போகிறவர்கள் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்; ஊர் பின்னணித் திரை. அதில் மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. கல்வி என்று பெயரிடுவதுதான் உறுத்துகிறது.

மூன்றாவது வாதம் நம்மை நோக்கி வந்தது. தமிழ் படிக்க வந்தவளுக்கு ஊர் சுற்றுவதில் என்ன பாடம்? இதைக் கேட்டவர் தமிழ்ப் பேராசிரியர் என்பதால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆற்றுப்படை நூல்களை வழியிலிருந்து பிரித்துவிட்டால் என்ன மிஞ்சும்? பாணனும் விறலியும் வீட்டில் இருந்திருந்தால் பத்துப்பாட்டில் பாதி இருந்திருக்காது. ரோமில் பிறந்த நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்றார். 1680இல் இத்தாலியின் சிறு நகரொன்றில் பிறந்த பெஸ்கி இங்கே வந்து அலைந்து திரிந்து வீரமாமுனிவரானார். 'தேம்பாவணி'யும் 'சதுரகராதி'யும் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தவரின் மொழியில் உண்டானவை அல்ல. இத்தாலியர் நம் சமவெளியில் நடந்து தமிழ் கற்கலாம், நம் பிள்ளைகள் இத்தாலியில் நடந்து ஆளுமை பெறலாம், வேடசந்தூர்ப் பெண் திண்டுக்கல்லில் நடந்தால் மட்டும் பாடம் இல்லை!

உண்மையில் இந்தச் சிக்கல் பழையது. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுத் தனியே மதுரைக்குள் நுழைகிறான். மணிக்கடை, பொற்கடை, அறுவை வீதி, கூல வீதி என்று ஆற அமரப் பார்க்கிறான். திரும்பி வந்து ஊரின் சிறப்பைச் சொல்கிறான். அந்தப் பகுதிக்கு ஊர்காண் காதை என்று பெயர். கண்ணகியும் அதே ஊரின் தெருக்களில் தனியே நடக்கிறாள், ஆனால் கணவன் வெட்டுண்ட பிறகு, கையில் ஒற்றைச் சிலம்போடு. அதற்கு ஊர்சூழ் வரி என்று பெயர். அவன் காண்கிறான், அவளை ஊர் காண்கிறது. எல்லாம் இழந்த பின்புதான் ஒருத்திக்குத் தெருவில் தனியே நடக்கும் உரிமை வருகிறது என்பதை இளங்கோ கண்டித்தாரா, பதிவு செய்தாரா என்று நாம் வகுப்பில் விவாதிக்கிறோம். விசாரணை அறையில் அந்த விவாதத்துக்கு இடமில்லை.

1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் மகளோடு வந்து அடைக்கலம் புகுந்ததும் இந்தச் சீமையில்தான், விருப்பாச்சி கோபால நாயக்கரிடம். 1801இல் நாயக்கர் தூக்கிலிடப்பட்டதன் நினைவைக் கோபாலசமுத்திரக் குளம் சுமக்கிறது என்பர் ஊரார். ஆண்டுவிழா மேடையில் எம் மாணவிகள் வேலு நாச்சியாராக வாள் சுழற்றுகிறார்கள். ஒழுங்குக் குழு முன்வரிசையில் அமர்ந்து ரசிக்கிறது.

நம் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்த விவகாரத்தை வீட்டில் சொல்லிக் கொதித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் மகள், "அப்ப நான் இந்தச் சனிக்கிழமை தனியா மலைக்கோட்டைக்குப் போகட்டுமா?" என்று கேட்டாள். உடனே பதில் வரவில்லை. பொதுத்தேர்வு முடியட்டும் என்றோம். அவள் சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்க விருப்பமில்லை. தேர்வு முடிந்தபின் போகத்தான் போகிறாள். அதுவரை ஒழுங்குக் குழுவின் நாற்காலிகளில் ஒன்று நம் வீட்டுக் கூடத்திலும் கிடக்கிறது.

மாணவியிடம் விளக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தரச் சொன்னார்கள். சென்ற இடம், நேரம், காரணம், உடன் சென்றவர் பெயர். கடைசிக் கட்டத்தில் அவள் 'எவருமில்லை' என்று எழுதியிருந்தாள். அது பதிலாகாது என்று படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். அவள் மறுபடியும் அதையே எழுதிக் கொடுத்தாள். நம்மிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவளுடைய ஆறு பக்கக் கட்டுரையைப் படியெடுத்து இணைத்து, பயிற்சி நாம் கொடுத்தது, அடுத்த பருவத்திலும் கொடுக்க இருக்கிறோம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கிறோம். மூன்று வாரங்களாகின்றன. கட்டுரை இன்னும் திரும்பி வரவில்லை, யாரேனும் வாசித்துக்கொண்டிருக்கலாம்.