கர்ப்பமா என்று கடையில் கேட்கட்டும்



கர்ப்பிணிகள் சளிக்குத் தாங்களாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையை முழு மனதோடு ஆமோதிக்கிறேன். எங்கள் பழவேற்காடு ஏரிப் பக்கம் மார்கழிப் பனியிலும் பெண்கள் தண்ணீரில் இறங்கி இறால் தடவுகிறார்கள். சளி பிடித்தால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மருந்துக் கடைதான் கதி.

என் தம்பி மனைவிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்த சமயம், கடையில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் இருந்தது. கர்ப்பமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளையாகக் கிராம செவிலியர் பார்த்துத் தடுத்தார். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்திருக்கிறது.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, தொண்டைக்கு உப்பு போட்ட வெந்நீர்: சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் இவையே போதும். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கும் இதே கவனம் தேவை. நாள் தள்ளிப்போவது தெரியுமுன்பே கரு தங்கியிருக்கலாம்.

மருந்துக் கடைகளில் பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும், ஆலோசனைக்கான 104 எண்ணையும் கர்ப்பிணிகளின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் ஒட்டித் தரலாம்.

ஒரு வாசகி,
திருப்பாலைவனம்