சங்கத்திற்கு ஏற்ற வரைபலகை எது?

கிணற்றின் ஆழத்தையும் ஊற்றின் அளவையும் பாராமல், மோட்டாரின் குதிரைத் திறனை மட்டும் பார்த்து வாங்குகிறவரைக் கொங்கு நாட்டுக் குடியானவர் எவரும் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டார். பம்பு செட்டுகளுக்குப் பெயர் போன கோவையில் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லவும் வேண்டியதில்லை. கணினியில் டிசைன் வரைவதற்கான சாதனங்களை நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்க முற்படும்போதும் இதே நியாயம் செல்லும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

டிராயிங் டேப்லெட் எனப்படும் மின் வரைபலகை இருவகைப்படும். ஒருவகை வெறும் பலகை. அதன்மேல் பேனாவால் வரைந்தால் கோடு கணினியின் திரையில் தோன்றும். மற்றொருவகை தானே ஒரு திரை. வரைகிற இடத்திலேயே கோடு தெரியும். 1983 இல் ஜப்பானில் தோன்றிய வாகாம் நிறுவனம் இத்தொழிலில் மிகவும் அறியப்பட்டது. ஹுயான், எக்ஸ்பி-பென் முதலிய பிற நிறுவனங்களும் இன்று விற்பனை செய்கின்றன. திரையில்லாப் பலகை சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. திரையுள்ளதற்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். இந்தப் பல மடங்கு விலை நம் தறிக்கு என்ன பயன் தரும் என்பதே கேள்வி.

விற்பனையாளர்கள் முதலில் எடுத்துச் சொல்லும் பெருமை, பேனாவின் அழுத்த உணர்வு. 8,192 படிகள், 16,384 படிகள் என்று விளம்பரம் செய்கிறார்கள். பேனாவை மெல்ல வைத்தால் கோடு மெலியும், அழுத்தினால் தடிக்கும் என்பது இதன் பொருள். ஓவியருக்கு இது பெரும் வசதியே. ஆனால் ஜக்கார்டு தறிக்கு டிசைன் எழுதுகிறவருக்கு இதனால் ஆவதென்ன? 1804 ஆம் ஆண்டையொட்டி பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் உருவாக்கிய அந்த இயந்திரத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. கிராப் தாளில் கட்டம் நிரம்பியிருக்கும், அல்லது காலியாக இருக்கும். பாதி எழும்பும் கொக்கி எந்தத் தறியிலும் இல்லை. ஆகவே, கையால் எத்தனை நயமாக அழுத்தி வரைந்தாலும், முடிவில் அந்தக் கோடு "உண்டு", "இல்லை" என்ற இரண்டே சொற்களாகிவிடுகிறது. முதற்கட்ட ஓவியத்திற்கும், துணியில் அச்சிடும் டிசைனுக்கும் அழுத்த உணர்வு பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அதற்கும் மிகச் சாதாரணப் பலகையில் உள்ள படிகளே தாராளம்.

நமக்கு உண்மையில் வேண்டியவை வேறு. 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டில் 200 ஊடைகள் ஓடும் ஒரு புட்டாவை எண்ணிப் பாருங்கள். 200 அட்டைகள், 48,000 கட்டங்கள். இவற்றைப் பிசகின்றி நிரப்புவதற்குப் பேனா முனை காட்டும் இடமும் திரையில் கோடு விழும் இடமும் ஒன்றாயிருக்க வேண்டும். வாங்குமுன் அளவுகோலை வைத்து மெதுவாகச் சாய்கோடு ஒன்று இழுத்துப் பார்ப்பது நல்லது. கோடு நெளிந்தால் அந்தப் பலகை நமக்கு ஆகாது. வரையும் பரப்பு ஏறக்குறைய 10 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் இருந்தால் மணிக்கட்டுக்கு நோவில்லாமல் முழங்கையை அசைத்து வேலை செய்யலாம். பேனா மின்கலம் தேவைப்படாததாக இருப்பது நலம். தேய்ந்துபோகும் பேனா முனைகள் கோவையிலோ ஈரோட்டிலோ தடையின்றிக் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். சங்கத்தில் ஏற்கெனவே உள்ள கணினியுடன் பலகை ஒத்துப்போகுமா என்பதைக் கடையிலேயே பரிசோதித்துவிட வேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறுபட்டால், கை வட்டம் போட்டாலும் திரையில் முட்டை வடிவம் விழும். இதனை அமைப்பில் திருத்திக்கொள்ளலாம். தறியின் கணக்கு இதனினும் முக்கியமானது. அங்குலத்திற்குப் பாவு 80 இழை, ஊடை 60 இழை என்றால், சதுரக் கட்டத்தில் 60க்கு 60 என்று வரைந்த வட்டம் துணியில் முக்கால் அங்குல அகலமும் ஓரங்குல உயரமுமாக நீண்டு நிற்கும். இதனை எந்தப் பலகையும் தானே அறியாது. வரைகிறவர்தான் அறிய வேண்டும். ஊடை நூல் பாவில் கட்டுப்படாமல் நீளமாக மிதந்தால் வளையல் பட்டு இழுபடும் என்பதும், திரையில் தெரியும் சிவப்பு சாயத்தொட்டியின் சிவப்பு அன்று என்பதும் அப்படிப்பட்டவையே. ஆகையால், திரையுள்ள பலகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவருக்கு டிசைன் பயிற்சி அளிப்பதில் செலவிடுவதே சிலாக்கியம் என்பது நமது அபிப்பிராயம். 1960 முதல் சேலத்தில் இயங்கிவரும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், அங்குள்ள நெசவாளர் சேவை மையமும் நமக்குத் தொலைவிலுள்ளவை அல்ல. வரைவதற்குக் கிரிட்டா போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். "நாற்பது ஆண்டுகள் கிராப் தாளில் எழுதிப் பழகிய பெரியவர், கையை ஓரிடத்திலும் கண்ணை ஓரிடத்திலும் வைத்து எப்படி வரைவார்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. இளைஞர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பெரியவர்களுக்கு அது எளிதன்று. அத்தகைய கைத்தேர்ச்சி உள்ளவர் ஒருவர் சங்கத்தில் இருந்து, அவர் அறிந்தவற்றைப் பதிவு செய்துகொள்வதே நோக்கமானால், திரையுள்ள பலகை வாங்குவதை வீண்செலவு என்று சொல்லமாட்டோம். அப்போதும் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே வாங்காமல், அண்டையிலுள்ள இரண்டு மூன்று சங்கங்கள் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு சிறிய சாதனத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று அங்கத்தினர்கள் எண்ணலாம். பலகையின் விலையைவிடப் பெரியதான ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. டிசைன் யார் கையில் பிறக்கிறதோ, அவரிடமே அது தங்குகிறது. வெளியாரிடம் கூலி கொடுத்து எழுதி வாங்கும் டிசைன், உடன்படிக்கை எதுவுமில்லாவிடில், அடுத்த மாதமே விசைத்தறியில் ஓடினாலும் நம்மால் தடுப்பது அரிது. பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன் சேலை, நெகமம் காட்டன் சேலை ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மையே. அது பெயரைக் காக்கும். நாம் புதிதாக எழுதும் புட்டாவைக் காக்காது. அதற்கு 2000 ஆம் ஆண்டின் டிசைன் சட்டம் இருக்கிறது. துணி சந்தைக்கு வருமுன் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி இருந்த உரிமையும் போய்விடும். சில வாரத்து நெசவிலேயே அந்த எண்ணிக்கை தாண்டிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த பொதுக்குழுவில் வரைபலகை வாங்கும் தீர்மானம் வந்தால், அதனுடன் மூன்று நிபந்தனைகளையும் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பலகையில் அமர்ந்து வரையப் போகிறவர் யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வரைந்த கோப்புகள் யாவும் சங்கத்தின் பேரில், இரண்டு பிரதிகளாக, சங்க அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். விற்பனைக்குரிய புதிய டிசைன்களைப் பதிவு செய்யும் செலவையும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறுமானால் மலிவான பலகையே நமக்குப் போதும்.