காலேஜ் கம்ப்யூட்டர் விதிகள்: முறையா? பூட்டா?

சென்ற மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், வயல் கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, மடித்து வைத்திருந்த நான்கு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்தார். அவருடைய மகள் இவ்வாண்டு ஒரு காலேஜில் சேர்ந்திருக்கிறாள். அந்தக் காலேஜின் கம்ப்யூட்டரையும் இண்டர்நெட்டையும் மாணவர்கள் எப்படி உபயோகிக்க வேண்டும் என்பதற்கான விதிகள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. முழுவதும் இங்கிலீஷ். கடைசியில், “படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்” என்ற வாசகத்தின் கீழ் தோழர் கையெழுத்துப் போட்டிருந்தார். “ஐயா, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்று இப்போதாவது சொல்லுங்கள்” என்று கேட்டார்.

வாசித்துச் சொன்னோம். அவ்விதிகளில் பாதி அவசியமானவை. மற்றப் பாதி அயோக்கியமானவை. இரண்டையும் ஒரே காகிதத்தில் அச்சிட்டு ஒரே கையெழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் இதில் உள்ள சூழ்ச்சி.

விதியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. காவிரித் தண்ணீரில் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். மேல்மடைக்காரர் தம் இஷ்டம்போல் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் நாற்றங்கால் கருகும். அதனாலேயே முறை வைத்துப் பாய்ச்சுகின்றோம். அந்த முறையை அடிமைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை.

காலேஜின் இண்டர்நெட்டும் அப்படிப்பட்ட ஒரு பொது வாய்க்கால்தான். ஒருவன் இரவும் பகலும் சினிமாவை இறக்கிக்கொண்டிருந்தால், பக்கத்து அறைப் பையனுக்குப் பாடம் திறக்காது. 1988ம் ஆண்டு நவம்பர் 2ந் தேதி அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர், தானே எழுதிய ஒரு புரோகிராமை வலையில் விட்டார். அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போய்ச் சுமார் 6,000 கம்ப்யூட்டர்களை ஸ்தம்பிக்கச் செய்ததாக அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். கெடுதி செய்யும் எண்ணம் தனக்கு இல்லையென்றே அவர் சொன்னார். எண்ணம் எதுவானாலும், நஷ்டம் பிறருடையது. ஆகவே, பொது வலையில் கண்டதை விடாதே என்ற விதி நியாயமானது. பிறர் பாஸ்வேர்டைத் திருடி உபயோகிக்காதே என்ற விதியும் நியாயமானதே. அது காலேஜ் விதி மட்டுமன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி மூன்றாண்டு வரை ஜெயிலும், லட்சம் ரூபாய் வரை அபராதமும் போடத்தக்க குற்றம்.

இவ்விதிகளுக்கெல்லாம் ஒரு பொது லட்சணம் உண்டு. ஒருவனால் மற்றவனுக்குக் கெடுதி வராமல் காப்பதே அவற்றின் நோக்கம். ஆண், பெண், வாத்தியார், பிரின்சிபால் எல்லோருக்கும் அவை ஒன்றுபோலப் பொருந்தும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

நிற்க, மற்றப் பாதியைப் பார்ப்போம். பெண்கள் விடுதியில் மட்டும் இரவு எட்டு மணிக்கு இண்டர்நெட் நிறுத்தப்படுமாம். “ஆட்சேபகரமான” விஷயங்களைப் பார்க்கக்கூடாதாம். மாணவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள் என்பதை நிர்வாகம் எந்நேரமும் காரணம் சொல்லாமலே சோதிக்கலாமாம். நிர்வாகத்தின் முடிவே முடிவாம்.

பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன்? இரவு எட்டு மணிக்கு மேல் பெண்ணின் மூளை வேலை செய்யாதென்று எந்தச் சாஸ்திரம் சொல்லுகிறது? கேட்டால், “பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக” என்கிறார்கள். இது எப்படி இருக்கிறதென்றால், ஊரில் திருடர் நடமாட்டம் இருக்கிறதென்று, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைக் கொட்டடியில் பூட்டி வைப்பது போலிருக்கிறது. வலையில் மோசக்காரர்கள் இருப்பது உண்மைதான். அதற்காகச் செய்ய வேண்டியது, மோசத்தை எப்படி அறிவது, பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு எப்படிப் புகார் சொல்வது என்று அப்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதேயாகும். விளக்கை அணைத்துவிட்டால் இருட்டில் பாதுகாப்பு வந்துவிடுமா?

இதற்கு ஒரு மாணவியே கோர்ட்டில் பதில் வாங்கியிருக்கிறார். கோழிக்கோட்டை அடுத்த சேளன்னூரில் நாராயணகுருவின் பெயரால் ஒரு காலேஜ் நடைபெறுகிறது. அதன் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனைத் தொடக்கூடாதென்று 2019ல் விதி செய்தார்கள். இளங்கலை மாணவிகள் லேப்டாப் உபயோகிக்கவும் தடை. ஒரு மாணவி மட்டும் இவ்விதிக்குக் கட்டுப்பட முடியாதென்று சொன்னார். விடுதியைவிட்டு அனுப்பினார்கள். அவர் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். ஆண்கள் விடுதியில் இப்படி விதி இல்லையே என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2019 செப்டம்பர் 19ந் தேதி நீதிபதி பி.வி. ஆஷா அவர்கள், இண்டர்நெட்டைப் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லி, அப்பெண்ணை விடுதியில் மீண்டும் சேர்க்கும்படி உத்தரவிட்டார். அதோடு, போனை உபயோகிப்பதால் மற்ற மாணவிகளுக்குத் தொந்தரவு உண்டாகக் கூடாதென்றும் சொன்னார். நாம் மேலே சொன்ன லட்சணமும் இதுவேதான். பிறருக்குத் தொந்தரவு செய்யாதே என்பது நியாயம். நீ படிக்காதே என்பது அநியாயம். அத்தீர்ப்பு தமிழ்நாட்டுக் காலேஜ்களை நேராகக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல்கள் சொல்லக்கூடும். நியாயத்துக்கு வாளையாறு எல்லைக்கோடு உண்டோ என்று கேட்கின்றோம்.

அடுத்தது, “ஆட்சேபகரமானது” என்ற சொல். யாருக்கு ஆட்சேபம்? ஜாதி ஒழிய வேண்டும் என்ற கட்டுரை ஒருவருக்கு ஆட்சேபமாயிருக்கலாம். பெண் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளப் படிக்கும் வைத்தியப் புத்தகம் இன்னொருவருக்கு ஆட்சேபமாயிருக்கலாம். இப்படிப்பட்ட வழுவழுப்பான சொற்களை வைத்துத்தான் 66ஏ என்ற சட்டப்பிரிவு இருந்தது. 2015 மார்ச் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்று அடித்துத் தள்ளியது. பார்லிமெண்டே செய்தாலும் நிற்காத சொல், பிரின்சிபால் கையெழுத்தில் மட்டும் எப்படி நிற்கும்? அப்படியே, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகச் சொல்லியிருக்க, மாணவரின் கடிதங்களைக் காரணமில்லாமல் பிரித்துப் பார்க்க எவருக்கு யோக்கியதை உண்டு?

தஞ்சை நாட்டாருக்கு இந்தப் பூட்டு புதிதன்று. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் அரசர் வைத்த சத்திர விடுதிகள் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மட்டுமே சோறும் இடமும் கொடுத்துவந்தன. திருவையாற்றுக் காலேஜில் சமஸ்கிருதத்துக்கே இடம். அதுதான் விதி, அதுதான் வழக்கம் என்றார்கள். ஏ.டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டு தலைவராயிருந்த காலத்தில் அவ்விடுதிகளை மற்றப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றில் தமிழுக்கும் இடம் செய்தார். வானம் இடிந்து விழவில்லை. அன்று பூட்டப்பட்டிருந்தது விடுதிக் கதவு. இன்று பூட்டப்படுவது வலையின் கதவு.

இன்று அக்கதவுக்குப் பின்னால் இருப்பது கொஞ்சமன்று. உலகத்து ஆராய்ச்சிப் பத்திரிகைகளைச் சர்க்கார் காலேஜ் மாணவர்கள் படிப்பதற்காக 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவிட மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தமிழ்நாடு சர்க்கார் 2011லேயே ஆரம்பித்தது. இவ்வளவும் ஜனங்களின் வரிப்பணம். பணக்காரன் மகளுக்கு வீட்டிலே தனி இணைப்பு உண்டு. காலேஜ் பூட்டினால் அவளுக்கு நஷ்டமில்லை. குடிசையிலிருந்து வந்த பெண்ணுக்குத்தான் காலேஜை விட்டால் வேறு வாய்க்கால் இல்லை. ஆகவே இந்தப் பூட்டு, பெண்ணைத் தொடுவதோடு ஏழையையும் தொடுகிறது.

ஆகையால் பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். காலேஜ் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன், தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு விதிக்கும், இதனால் யாருக்குக் கெடுதி தடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஆண் விடுதிக்கும் இது உண்டா என்று கேளுங்கள். தண்டிக்குமுன் பிள்ளையின் பதிலைக் கேட்பீர்களா, தண்டித்தபின் முறையிட இடம் உண்டா என்று கேளுங்கள். பதில் வந்தால் மனமாரக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்கும் அவ்விதியை மீறாதே என்று புத்தி சொல்லுங்கள். பதில் வராவிட்டால், அந்த விதியைக் கோடு போட்டுக் காட்டி, இதற்குச் சம்மதமில்லை என்று பக்கத்திலே எழுதிக் கொடுங்கள்.

திருத்துறைப்பூண்டித் தோழர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தண்ணீர் முறையில் எங்கள் முறை எப்போது வரும் என்றாவது தெரியும் ஐயா, இதில் என் மகளின் முறை வரவே வராது போலிருக்கிறதே” என்றார். முறைக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல முடியாது. அவர் மறுநாளே காலேஜுக்குப் போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தனியாகப் போக விடலாமா, தோழர்களே?