டீசல் பில்டருக்கு ஒரு நாள் வியாபாரமா?

சாமான் ஏற்ற டீசல் வேன் வைத்திருக்கும் நம் வியாபாரிகள் பலர், பில்டர் மாற்றவும் வாகனத்தைக் கராஜில் விட்டு ஒரு நாள் உழைப்பை இழக்கிறார்கள். என் பார்வையில் இது வீண் நட்டம். பழைய ரக வேன்களில் இது வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது. பழையதைக் கழற்றி, புதியதன் றப்பர் வளையத்தில் சிறிது டீசல் தடவிக் கையாலேயே இறுக்கலாம். அடியில் தண்ணீரைக் காட்டும் சென்சர் இருந்தால், மறக்காமல் புதியதில் பூட்டுங்கள். பின்னர் மேலுள்ள கைப்பம்பை, அது கடினமாகும் வரை அமுக்கி, காற்றை வெளியேற்றுங்கள். காற்று நின்றால் வாகனம் ஸ்டார்ட் ஆகாது, பற்றரிதான் இறங்கும்.

கூலியை மிச்சம்பிடியுங்கள், பில்டரில் வேண்டாம். மலிவுப் போலி, தூசியையும் தண்ணீரையும் விட்டு டீசல் பம்பைத் தின்றுவிடும். பெற்றோல் இன்ஜெக்ஷன் வாகனக் குழாயில் அழுத்தம் நிற்பதால், அதை மெக்கானிக்கிடமே கொடுங்கள்.