குடுமியைச் சிகையாக்கினார், மெய்யத்தைச் சத்தியமாக்கினார்!

கோடை விடுமுறை அணுகும்போதெல்லாம் நாளிதழ்ப் பக்கங்களில் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் வந்து மொய்க்கின்றன. சிங்கப்பூர், மலேசியா என்ற அளவில் நின்றிருந்த ஆவல் இன்று கொரியம் வரை நீண்டுவிட்டது. அந்நாட்டுத் தொடர்ப்படங்களைக் கண்டு வளர்ந்த தமிழிளைஞர் அதன் மலைகளையும், மலைமடியில் அமைந்த புத்தப் பள்ளிகளையும், கடலோரச் சிற்றூர்களையும் ஒருமுறையேனும் கண்ணாரக் கண்டுவிட வேண்டுமென்று ஏங்குகின்றனர். பொருளுடையார் சென்றும் வருகின்றனர். செல்லட்டும், திரைகடலோடிய இனத்தாரைத் திண்ணையில் இருவென்று சொல்வார் எவர்? ஆனால், இலக்கக்கணக்கில் உருபா செலவிட்டுச் சென்ற தமிழன் அங்குக் கண்டு வந்ததென்ன, காணாது வந்ததென்ன என்பதை மட்டும் இங்கே ஆராய வேண்டியுள்ளது.

கொரியத்தின் கியோங்சு நகருக்கருகே புல்குக்சா என்னும் புத்தப் பள்ளியும், அதற்கு மேலே மலைமீது சொக்குராம் என்னும் கற்கோயிலும் உள்ளன. இரண்டும் 8ஆம் நூற்றாண்டின. 1995இல் உலக மரபுச் சின்னங்களாயின. ஏயின்சா என்னும் மலைப்பள்ளியில் புத்தமறைகளைச் செதுக்கிய அச்சுப்பலகைகள் 81,258 பேணப்படுகின்றன. 2002இல் உலகக் காற்பந்துப் போட்டி நடந்தபோது வந்த வேற்றுநாட்டார் இத்தகு பள்ளிகளில் இரவு தங்கித் துறவியரோடு உண்டு உறங்கி எழ வழிசெய்தனர். அவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. இவையெல்லாம் சுற்றுலாக்காரன் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாத ஒன்று உண்டு. அந்த எண்பத்தோராயிரம் பலகைகளிலும் கொரிய எழுத்து ஒன்றுகூட இல்லை, அத்தனையும் சீனம். கியோங்சு என்ற பெயரும் சீனம். ஏயின்சா, புல்குக்சா என்பனவும் சீனம்.

இது தானாக நேர்ந்ததன்று. 757ஆம் ஆண்டு சில்லா நாட்டு வேந்தன் கியோங்தோக் தன் நாட்டு ஊர்ப்பெயர்களையெல்லாம் சீனமுறைக்கு மாற்றுமாறு ஆணையிட்டான். சீனத்தில் இருந்தால்தான் பெருமை என்று அன்றைய அரண்மனை கருதியது. இங்கே சிலர்க்கு வடமொழியில் இருந்தால்தான் ‘தெய்விகம்’ என்று தோன்றுகிறதன்றோ, அதே நோய்! விளைவு யாது? மலைக்குக் கொரியர் வழங்கிய ‘மொய்’ என்னும் பழஞ்சொல் வழக்கொழிந்து, ‘சான்’ என்னும் சீனச்சொல் அரியணை ஏறிற்று. ஆற்றைக் குறித்த ‘கராம்’ போய்க் ‘காங்’ வந்தது. கடலைக் குறிக்கும் ‘பாதா’ மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. நாட்டுத் தலைநகரின் பெயரான ‘சியோல்’ மட்டுமே பெருநகர்களுள் தூய கொரியச் சொல்லாக எஞ்சி நிற்கின்றது.

இழந்ததை எண்ணி அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. சேசோங் மன்னன் 1443இல் அமைத்து 1446இல் அறிவித்த அங்குல் எழுத்தைப் பற்றிக்கொண்டு எழுந்தனர். சப்பானியர் அந்நாட்டை ஆண்ட 1910-1945 காலத்தில் கொரிய மொழி பள்ளியிலிருந்து துரத்தப்பட்டது. மக்கள் தம் பெயர்களையே சப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். 1942இல் அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த மொழியறிஞர்களைச் சிறைப்பிடித்தனர்; அவருள் இருவர் சிறையிலேயே மாண்டனர். அகரமுதலி தொகுத்ததற்காக உயிர்துறந்தவர்! விடுதலைக்குப்பின் 1948இலேயே அரசு ஆவணங்கள் அங்குல் எழுத்தில் எழுதப்பட வேண்டுமென்று தென்கொரியம் சட்டம் இயற்றியது. எழுத்து அறிவிக்கப்பெற்றதைக் கொண்டாட ஆண்டுதோறும் அகுதோபர் 9இல் விழா எடுக்கின்றனர். எழுத்தை மீட்டனர், ஆனால் 757இல் அழிந்த ஊர்ப்பெயர்களைப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களால் முழுமையாக மீட்க முடியவில்லை. தமிழன் கொரியத்தில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

(இடையே ஒன்று. கொரியத்திலும் அம்மா அப்பா உண்டு, ஆகவே கொரியம் தமிழின் கிளை என்று சிலர் துள்ளுகின்றனர். குழந்தை வாயில் முதலில் எழும் ஒலிகள் உலகமெங்கும் அம்மாவும் அப்பாவுமாகவே இருக்கும். ஒலியொப்புமையை மட்டும் கொண்டு உறவு நாட்டுவது சொல்லாராய்ச்சியன்று. தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கோல்கள் வேண்டா.)

இனிப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். மலையும், குடைவரையும், துறவியர் உறைந்த பாழியும், கடற்கரையும் இம்மாவட்டம் ஒன்றிலேயே உண்டு. புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கி.மீ. சென்றால் சித்தன்னவாசல். வழுக்குப்பாறையில் காலூன்ற வெட்டிய பள்ளங்களைப் பற்றி ஏறினால் ஏழடிப்பாட்டம். சமணத் துறவியர்க்காக வழவழப்பாக இழைத்த கற்படுக்கைகள் பதினேழு அங்குள்ளன. ஒன்றன் அருகே ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய தமிழ்க் கல்வெட்டு. எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்தான் ஒருவனுக்கு இவ்வூர்ப்பக்கத்து இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமைநாடு இன்றைய மைசூர்ப் பகுதி. அவ்வளவு தொலைவிலிருந்து வந்த துறவிக்கு ஊரார் கல்லைச் செதுக்கிப் படுக்கை தந்தனர். தந்தவர் பெயரையும் பெற்றவன் பெயரையும் ஊரையும் தமிழில் பொறித்தனர். கொரியப் பள்ளியில் ஓரிரவு தங்கியதை வியந்து பேசுவோர் இக்கற்படுக்கையைக் கண்டதுண்டா? அக்கல்வெட்டில் வடசொல் ஒன்றும் கலந்திருக்கின்றதே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், இருக்கையைக் குறிக்கும் ‘அதிட்டானம்’ இருக்கின்றது. பிறந்தவன் ஊர், செய்தவர் பெயர், பிறந்த, செய்த என்னும் வினைகள் ஆகிய எல்லாம் தமிழாயிருக்க, அவ்வொரு சொல்லைத் தூக்கிக்காட்டி ஊரையே வடமொழிக்கு உரிமையாக்குவது எந்த அறிவு?

உரிமையாக்கத்தான் செய்தனர். ‘சித்தானாம் வாச:’, அதாவது சித்தர்கள் வாழுமிடம் என்ற வடமொழித் தொடரே சித்தன்னவாசல் ஆயிற்று என்று எழுதிவைத்தனர். வழிகாட்டிகளும் வருவோரிடம் அதையே ஒப்பிக்கின்றனர். இவ்விளக்கத்தைப் பொய்யாக்கும் சான்று வேறெங்கும் இல்லை, அதே மலையில் இருக்கின்றது. ஓவியங்களால் புகழ்பெற்ற குடைவரைக் கோயிலருகே 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று தமிழ்ச் செய்யுளாக உள்ளது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் இக்கோயிலைப் புதுக்கி, முன்மண்டகம் எடுத்த செய்தியை அது கூறுகின்றது. ஊரை அது ‘அண்ணல்வாயில்’ என்கின்றது. கோயிலை ‘அறிவர் கோயில்’ என்கின்றது. அண்ணல்வாயில் அன்னவாசலாயிற்று, பக்கத்துச் சிற்றண்ணல்வாயில் சித்தன்னவாசலாயிற்று. வாயில் வாசலாகத் திரிவது தமிழ்நாட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அறிவன் என்பதோ தொல்காப்பியர் ஆண்ட சொல். கல் ஒன்று சொல்ல, நூல் வேறொன்று சொல்கின்றது. மக்கள் நூலை நம்புகின்றனர்!

தாமரைக்குளமும், அதில் துள்ளும் மீனும், மலர்பறிக்கும் துறவியரும், ஆடும் மகளிரும் அக்கூரையிலும் தூண்களிலும் தீட்டப்பெற்றிருந்தன. பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஓவியம் அழிந்ததற்குக் காற்றும் மழையும் கயவர் கையும் காரணம் எனலாம். பெயர் அழிவதற்கு?

குடுமியான்மலையைப் பாருங்கள். கல்வெட்டுகளில் இதன் பழம்பெயர் திருநலக்குன்றம். மலைக்குடுமியில் உறைவதால் குடுமியார் என்று இறைவனை வழங்கினர். குடுமி என்றால் மலையுச்சியும் ஆகும். தலைமயிர் முடியும் ஆகும். வடமொழியாளர் கைக்கு இப்பெயர் சென்றது. உச்சியை விட்டுவிட்டு மயிரைப் பிடித்துக்கொண்டனர்! குடுமியார் ‘சிகாநாதர்’ ஆனார். பெயர் மாறியபின் அதற்கொரு கதையும் வேண்டுமே? பூசகன் தன் காதலிக்குச் சூட்டிய மாலையை அரசனுக்குக் கொடுத்தானாம். அதில் மயிரிழை கண்டு அரசன் வினவ, இறைவனுக்கே குடுமி உண்டென்று அவன் புளுகினானாம். இறைவனும் அவனைக் காப்பதற்காகக் குடுமி வளர்த்துக் காட்டினாராம். மலையின் அழகைச் சொன்ன பெயர், பூசகனின் களவைக் காக்கும் கதையாகத் தாழ்ந்துபோயிற்று. கோயிலின் பின்புறப் பாறையிலுள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டை வடமொழிச் செல்வமென்று காட்டுவோர், அதன் இறுதியில் தமிழ்த்தொடர் நிற்பதைச் சொல்லுவதில்லை.

திருமயத்திலும் இதே வேலைதான். ஊரின் பெயர் திருமெய்யம். திருமங்கையாழ்வார் பாடிய மெய்யம். ஒரே பாறையின் இருபக்கத்தில் திருமாலுக்கும் சிவனுக்கும் குடைவரைகள். மேலே 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை. மலை சத்தியகிரி ஆயிற்று. மெய்யர் சத்தியமூர்த்தி ஆனார். சிவனார் சத்தியகிரீசுவரர் ஆனார். குளத்தையும் விடவில்லை, அது சத்திய புட்கரணி! ‘எல்லாம் ஒரே பொருள்தானே, எதில் இருந்தால் என்ன?’ என்பர் சிலர். ஒரே பொருளாயின் மாற்றுவானேன்? மேலும், ஒரே பொருளுமன்று. மெய் என்பது உண்மையையும் உடலையும் ஒருங்கே குறிப்பது. சத்தியத்துக்கு அந்த உடல் இல்லை. பாடல்பெற்ற பெயரைப் பலகையிலிருந்து நீக்கினாலும் பக்கத்துச் செட்டிநாட்டுக் குடிகள் தம் பிள்ளைகட்கு மெய்யப்பன், மெய்யம்மை என்று பெயரிட்டு அதனைக் காத்துவந்தனர். பண்டிதன் இழந்ததைப் பாட்டி காத்தாள்.

நார்த்தாமலையில் இன்னும் துணிவு. இராசராசன் காலத்துக்கு முன்பே கற்றளி எழுந்த மலை அது. சாத்தன் பழியிலி என்னும் முத்தரையன் குடைவித்த பழியிலீச்சுரம் அங்குள்ளது; அவன் மகள் பழியிலி சிறிய நங்கை அதற்கு முன்மண்டகம் எடுத்தாள். மேலே விசயாலய சோழீச்சுரம் என வழங்கும் கோயிலைச் சாத்தன் பூதி எடுத்தான். மழையால் இடிந்தபோது புதுக்கியவன் பெயர் தென்னவன் தமிழதியரையன். பழியிலி, சிறிய நங்கை, தமிழதியரையன்! இன்று இம்மாவட்டத்து வகுப்பறை ஒன்றில் பெயரழைப்புப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இப்படி ஒரு பெயர் கிடைக்குமா? வணிக நகரத்தார் வாழ்ந்ததால் நகரத்தார்மலை எனப்பட்ட இவ்வூரை நாரதர் மலை என்று கதை கட்டினர். அனுமன் தூக்கிச்சென்ற சஞ்சீவி மலையின் சிதறல்கள் என்றும் சேர்த்துக்கொண்டனர். கடல்கடந்து வாணிகம் நடத்திய ஐந்நூற்றுவர் மறைந்தனர். வீணையேந்திய நாரதர் வந்து அமர்ந்தார்.

கடற்கரைக்குப் போனாலோ, நெஞ்சு வேறு வகையில் கனக்கின்றது. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மணமேற்குடி, மீமிசல் என நீளும் கரை இது. மணமேற்குடி குலச்சிறையார் பிறந்த ஊர். அறந்தாங்கிக்குத் தெற்கே ஆவுடையார்கோயில்; மணிவாசகர் குதிரை வாங்கப் போந்து அருள்பெற்றதாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை அதுவே. ‘பெருந்துறை’ என்ற பெயர் போனால் குதிரைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோம். கல்லை மரமாகவும் கயிறாகவும் இழைத்த அக்கோயிற் கொடுங்கைக்கு நிகராக எந்நாட்டிற் காட்டுவர்? அக்கரையிலிருந்து படகேறும் மீனவனோ, 1974இல் கச்சத்தீவு கைவிடப்பட்டது முதல், இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சிறையும் படகிழப்பும் கண்டுவருகின்றான். சுற்றுலாக்காரன் ஒளிப்படம் எடுக்கும் அதே நீரில்தான் இது நடக்கின்றது.

பெயர் போனபின் மலை நிற்குமா? நிற்காது. அண்ணல்வாயில், மெய்யம் என்று அறியப்பட்ட மலையைத் தொடுவதற்குக் கை கூசும். பெயரற்ற பாறையோ சல்லிக்கல்லாகவும் எம்-மணலாகவும் சரக்குந்தில் ஏறிவிடும். திருமயம் வட்டத்தில் கற்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுமேல் மனுவாக எழுதிவந்த ஒருவர் 2025 சனவரியில் சரக்குந்து மோதி மாண்டார். நேர்ச்சி என்று கருதப்பட்டது பின்னர்க் கொலைவழக்காகிக் குவாரித் தொடர்புடையோர் சிறைப்பட்டனர். மலைக்காக ஒருவர் உயிர் போயிற்று. அதே திங்களில் அதே மாவட்டத்திலிருந்து எத்தனைப் பேர் பிறநாட்டு மலைகளைக் காண வானூர்தி ஏறினரோ!

கொரிய எழுத்தை ஒரு கிழமையில் கற்றுவிட்டேன் என்று இளைஞர் மகிழ்கின்றனர். நன்று. ஏழடிப்பாட்டத்துத் தமிழி எழுத்தைக் கற்கவும் அதற்கு மேல் நாள் ஆகாது. புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி ஒவ்வொன்றும் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் பேருந்து அமர்த்துமுன், எட்டாம் வகுப்பு மாணவரை ஒருநாள் அண்ணல்வாயிலுக்கு அழைத்துச்செல்லட்டும். கல்லில் உள்ள ஊர்ப்பெயரை அவர்களே கூட்டிப் படிக்கட்டும். அறநிலையத்துறை குடுமியான்மலையில் ‘குடுமியார்’ என்றும், திருமயத்தில் ‘மெய்யர்’ என்றும் முகப்புப் பலகையின் முதல் வரியில் எழுதட்டும். தொல்லியல்துறைப் பலகையில் ‘அறிவர் கோயில்’ என்னும் பெயரும், அப்பெயருள்ள கல்வெட்டு எந்தப் பாறையில் இருக்கின்றது என்பதும் தமிழில் இடம்பெறட்டும். அடுத்த விடுமுறைக்குள் இவற்றைக் கேட்டு ஒவ்வோர் ஊரிலிருந்தும் விண்ணப்பம் போக வேண்டும்.