வெளிநோயாளியின் நோயும் கணக்கில் வரட்டும்

அட்மிட் ஆனவருடைய நோய்க்கு ஒரு கணக்கு, ஓ.பி. சீட்டோடு வீடு திரும்பியவருடைய நோய்க்கு வேறு கணக்கு. இந்த வித்தியாசத்தோடுதான் என் பிழைப்பே ஓடுகிறது. அழகர்கோவில் அடிவாரத்தில் வீட்டிலிருந்தபடி அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளுக்குக் கோடு போடுகிறேன். மெடிக்கல் கோடிங் என்றால் மதுரைப் பக்கம் இப்போது விளக்கம் தேவையில்லை. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

நோயைக் குறிக்கும் ஐ.சி.டி.-10 இரு தரப்புக்கும் பொது. செய்த சிகிச்சையைக் குறிப்பதில்தான் பாதை பிரிகிறது: மருத்துவமனை பில்லில் உள்நோயாளிக்கு ஏழு எழுத்து பி.சி.எஸ்., வெளிநோயாளிக்கு ஐந்து இலக்க சி.பி.டி. பணம் கணக்கிடும் முறையும் வேறு. அங்கே அரசுக் காப்பீடான மெடிகேர் 1983 முதல் உள்நோயாளிக்கு நோயின் வகையை வைத்து மொத்தமாக ஒரு தொகை தருகிறது.

இதையெல்லாம்விட நான் பெரிதாக மதிக்கும் விதி ஒன்று உண்டு. ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதுகிறார். உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி இருந்தால் நிமோனியா என்றே ஜே18.9 போடலாம். அந்த நோய் இருப்பதாக எண்ணித்தான் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் நடந்திருக்கும். ஓ.பி. குறிப்பில் அதே வரி இருந்தால் போடக்கூடாது. இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9, அவ்வளவுதான். உறுதியாகாத நோயை ஒருவர் பெயரில் ஏற்றக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அறிகுறிக்கும் ஒரு மரியாதை கிடைக்கிறது.

நம் ஊரில் படுக்கைக்குத்தான் மரியாதை. காப்பீட்டில் ‘மருத்துவமனையில் சேர்வது’ என்றால், பட்டியலிட்ட சில சிகிச்சைகள் நீங்கலாக, குறைந்தது 24 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் “ஒரு நாள் அட்மிஷன் போட்டுருங்க சார், அப்பதான் க்ளைம் ஆகும்” என்று காய்ச்சல்காரரின் வீட்டார் கெஞ்சுகிறார்கள். 2009-இல் தொடங்கி, 2012-இல் விரிவாக்கப்பட்ட அரசுக் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அதுவும் பெரும்பாலும் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே.

காப்பீட்டில் மட்டுமல்ல, பதிவிலும் இதே கதைதான். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதிப் பக்கம் தேங்காய், பழம் விற்கும் பொய்கைக்கரைப்பட்டி அத்தையைக் குரங்கு கடித்தது. பழச்சீப்பைப் பிடுங்க வந்ததைத் தடுத்தபோது வலது புறங்கையில் பல் பதிந்துவிட்டது. 0, 3, 7, 28 என்று ஊசி. நான்கு நாளும் கடையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘குரங்குக்கடி’ என்ற பொருளில் ஒரு சொல், கீழே தேதிகள். எந்தக் கை, எவ்வளவு ஆழம், எதுவும் இல்லை. இதே காயம் என் திரையில் வந்திருந்தால் வலது கைக் கடிகாயத்துக்கு எஸ்61.451ஏ, ரேபிஸ் தொற்று வாய்ப்புக்கு இசட்20.3, கடித்தது இன்ன வகை விலங்கு என்பதற்கு டபிள்யூ55.81எக்ஸ்ஏ என்று மூன்று கோடு விழுந்திருக்கும். அத்தையின் மருத்துவ வரலாறோ சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு மடிந்து கிடக்கிறது.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. வாசல் வரை வரிசை நிற்கும்போது அவரால் அதற்குமேல் எழுத முடியாது. அட்மிட் ஆனவரின் கேஸ் ஷீட் மருத்துவ ஆவணப் பிரிவான எம்.ஆர்.டி.க்குப் போய் அடுக்கில் ஏறும், ஓ.பி. சீட்டு நோயாளியோடு கிளம்பிவிடும். நாய்க்கடி, காய்ச்சல் போன்ற சிலவற்றுக்கு எண்ணிக்கை எடுக்கிறார்கள்தான். ஆனால் இன்னாருக்கு இன்னது நடந்தது, மறுபடி வந்தாரா என்று கோத்துப் பார்க்க அந்த எண்ணிக்கை உதவாது. சித்திரைத் திருவிழாவில் வெயிலில் மயங்கி, முகாமில் ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்களும் இப்படியே எழுத்தில் இல்லாமல் போகிறார்கள்.

ஓ.பி. எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கவுன்டர் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. கோடு போடத் தெரிந்த பிள்ளைகள் இரவெல்லாம் விழித்து அடுத்த நாட்டுக்கு உழைக்கிறார்கள். அரசு மேலூர் போன்ற ஒரு தாலுகா மருத்துவமனையில் தொடங்கட்டும். டாக்டர் அறிகுறியையும் காயத்தின் இடத்தையும் ஒரு வரி எழுதட்டும்; சம்பளம் கொடுத்து அமர்த்திய கோடர் அன்றைய சீட்டுகளை அன்றே ஏற்றட்டும். சந்தேகம் உள்ள இடத்தில் அறிகுறியை மட்டும் போட அவருக்குத் தெரியும்.