‘ஸ்வீட் மெமரீஸ்’ என்றால் யாருடைய நினைவு?

கிளிநொச்சியோ வவுனியாவோ முல்லைத்தீவோ, அண்மையில் நடந்த ஒரு சாமத்தியவீட்டு அல்பத்தைத் திறந்து பாருங்கோ. பக்கத்தின் மேல் மூலையில், வளைஞ்சு நெளிஞ்ச ஆங்கில எழுத்தில் ‘ஸ்வீட் மெமரீஸ்’. அடுத்த பக்கம் ‘பியூட்டிஃபுல் மோமன்ட்ஸ்’. கலியாணம் என்றால் ‘ஃபோரெவர் லவ்’. பிள்ளையின் பெயர் எங்கேயோ ஓர் ஓரத்தில், பாமினியில். (பாமினியோடு எங்களுக்குக் கோபம் இல்லை. கலியாணக் கார்ட்டையும் கண்ணீர் அஞ்சலியையும் சேர்த்துச் சுமந்த எழுத்துரு அது, பாவம்.)

ஆங்கிலம்தான் பிரச்சினையோ என்று கேட்பீர்கள். இல்லை. ‘இனிய நினைவுகள்’ என்று தமிழில் அடிச்சாலும் அதே வெறுமைதான். சேலையும் கேக்கும் லைற்றும் படத்திலேயே தெரியுது. ஆரத்தித் தட்டோடு நிற்கிற மாமி எத்தனை வருசத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவ, பக்கத்துக் கதிரை ஏன் காலியாக் கிடக்குது என்பதைப் படம் சொல்லாது. சொல்லவேண்டியது தலைப்பு. அந்த இடத்தைத்தான் ஸ்ரூடியோக்காரரின் கணினியில் கிடக்கிற ஆயத்த டிசைனுக்கு நாங்கள் காசும் குடுத்து விட்டுக்கொடுக்கிறம்.

வேறு ஊர்களில் இது வெறும் ரசனைச் சண்டையாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் சொப்பிங் பையில் சுத்திக் கொண்டுபோன அல்பங்களில் பாதி வழியில் போனது. மிஞ்சின படங்களில் பாதிக்கு ஆர் எவர் என்று சொல்ல இப்ப ஆளில்லை. விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் நாங்கள் பார்த்த படத்தின் பின்பக்கம், நீலப் பேனையால் இப்படி இருந்தது: ‘கிணத்தில தண்ணி வந்த அண்டு. 1994.’ முன்னுக்கு நாலு பேர் சேத்தோடு நிற்கினம், அவ்வளவுதான். எழுத்துப் பிழையோடு கிடந்த அந்த ஒரு வரி இல்லையென்றால் அது வெறும் சேற்றுப் படம்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அம்மாக்கள் பிடித்திருந்த படங்களை நினைச்சுப் பாருங்கோ. படத்துக்குக் கீழே பெயர், திகதி, இடம். அதை அழகியல் பாடமாக்க நாங்கள் வரவில்லை. ஒரு படத்துக்குக் கீழே எதை எழுதவேண்டும் என்பது அவைக்குத் தெரிஞ்சிருந்தது. எங்களுக்கு ஏன் தெரியேல்லை?

ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு நூல் செய்தார். வடக்கில் இடம்பெயர்ந்த சனம் தங்கட வீட்டை நினைவிலிருந்து தாங்களே கீறின படங்கள் அதிலே இருக்கின்றன. கோணல் கோடுகள்தான். அந்த வீட்டில் இருந்தவரின் கை அது என்பது பார்த்த உடனே விளங்கும்.

“எங்கட கையெழுத்து வடிவில்லையே” என்பவர்களுக்கு: வடிவு பிறகு பார்க்கலாம். இன்ஸ்ராகிராமில் ‘லெட்டரிங்’ பழகி, பிரஷ் பேனையால் ஆங்கிலத்தில் ‘ட்ரீம்’ எழுதுகிற எங்கட வயதுக்காரர் ‘ழ’வின் சுழியை ஒருக்கா பெரிசா எழுதிப் பார்க்கட்டும். தலைப்பில் ஊரின் பெயரைப் பெரிசாப் போடுங்கோ, கீழே ஆக்களின் பெயர்களை இடமிருந்து வலமாகச் சின்னனா. மினுங்குகிற படத்தாளின் பின்பக்கத்தில் மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். ஆனபடியால் அல்பத்தாளிலேயே எழுதுங்கோ.

அடுத்த மாதம் ஸ்ரூடியோவுக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள், மேல் மூலையை வெறுமையா விடச் சொல்லிவிட்டு வாங்கோ. பேனை வீட்டில் கிடக்கும்.